தரையும் கடிகாரமும்

குதிரைப் பந்தயம் என்ற சொல்லைக் கேட்டவுடன் முகம் சுளிப்பவர்கள் நம்மில் பலர். அந்தச் சுளிப்புக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. அதனால் குடும்பங்கள் நொடித்த கதை ஒன்றேனும் நம் ஒவ்வொருவர் தெருவிலும் உண்டு. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது பந்தயத்தில் பணம் பண்ணும் வழியன்று. பந்தயத்தைக் கணக்கிட்டுப் பார்க்கும் வழி. இரண்டும் வேறு என்பதை முடிவில் நீங்களே உணர்வீர்கள்.

சென்னைக் குதிரைப் பந்தயம் பற்றிய வழக்கொன்றில் 1996-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. குதிரைப் பந்தயத்தில் வெற்றி பெரிதும் திறமையைப் பொறுத்தது. அது வெறும் அதிர்ஷ்ட விளையாட்டு அன்று என்பது அத்தீர்ப்பின் சாரம். அதைப் படித்த நாள்முதல் என் உள்ளத்தில் ஒரு கேள்வி நின்றது. அந்தத் திறமை எது? ஓடுகிற குதிரைக்கும் ஓட்டுகிற ஜாக்கிக்கும் திறமை உண்டு, சரி. பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு என்ன திறமை இருக்க முடியும்? இந்தக் கேள்விக்கு விடை தேட எனக்குச் சொந்தக் காரணமும் ஒன்று இருந்தது.

என் தாய்மாமன் கிண்டிப் பந்தயத்துக்குத் தவறாமல் போகிறவர். நான் சொல்வது 1960-களின் நடுப்பகுதி. அவர் குடிப்பழக்கம் இல்லாதவர், அளவாகப் பேசுகிறவர், கணக்கில் கெட்டிக்காரர். நீண்ட பேரேடு ஒன்று வைத்திருந்தார். தேதி, குதிரையின் பெயர், ஓடிய தூரம், சுமந்த எடை, ஜாக்கியின் பெயர், ஓடிய நேரம் என்று ஆறு பத்திகள். முத்து முத்தான கையெழுத்து. "கடிகாரத்துக்கு வேண்டியவன், வேண்டாதவன் கிடையாதடா" என்று என்னிடம் சொல்வார். ஊரார் ஜோசியத்தையும் கனவையும் நம்பிப் பணம் கட்டியபோது, என் மாமா எண்ணை மட்டுமே நம்பினார்.

ஒரு கார்த்திகை மாதம். ஆறு பர்லாங்கு ஓட்டத்தில் இரண்டு குதிரைகள் எதிர்ப்பட்டன. மாமாவின் பேரேட்டின்படி ஒன்று அதே தூரத்தை 1 நிமிடம் 13 வினாடியில் ஓடியது. மற்றொன்றின் சிறந்த நேரம் 1 நிமிடம் 15½ வினாடி. இரண்டரை வினாடி வித்தியாசம் என்பது பந்தய மொழியில் பெரும் பள்ளம். மாமா தம் மகளுக்கென்று சேர்த்திருந்த நகையை அடகு வைத்து முதற் குதிரையின்மேல் கட்டினார். இரண்டாவது குதிரை எளிதாக வென்றது. அந்தப் பெண்ணின் திருமணம் இரண்டு ஆண்டு தள்ளிப் போயிற்று. மாமாவை அதற்காக அவள் ஒரு சொல்லும் சொன்னதில்லை. அந்த மௌனம்தான் அவரைக் கடைசிவரை வருத்தியது.

மாமாவுக்குப் பின் அந்தப் பேரேடு என் கைக்கு வந்தது. நான் கணக்கு வாத்தியார். ஒரு விடுமுறையில் அதைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் தவறு கண்ணில் பட்டது. 13 வினாடி என்ற நேரம் தை மாதத்து வறண்ட நாளில் பதிந்தது. 15½ என்ற நேரம் மழைக்கு மறுநாள் பதிந்தது. தேதியைப் பார்த்தாலே தெரியக்கூடிய செய்தி. ஆனால் மாமாவின் ஆறு பத்திகளில் தரைக்கென்று ஒரு பத்தி இல்லை.

தரை என்ன செய்கிறது என்பதைச் சற்றுப் பார்ப்போம். பந்தயக் குதிரை ஏறக்குறைய 500 கிலோ எடை உள்ளது. நாலுகால் பாய்ச்சலில் ஒரு கணம் அதன் முழுப் பாரமும் ஒரே குளம்பின்மேல் இறங்குகிறது. வேகத்தின் காரணமாக அந்தத் தாக்கம் உடல் எடையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலாகிவிடுகிறது. இறுகிய தரை அந்த விசையைத் திருப்பிக் கொடுக்கும். குதிரை எம்பிப் பறக்கும். நனைந்த தரையில் குளம்பு புதைகிறது, பின்னுக்கு வழுக்குகிறது, புதைந்த காலைப் பிடுங்கி எடுக்கவே ஆற்றல் செலவாகிறது. சேற்று வயலில் நடந்து பழகியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் தரை நிலையை 'ஹார்டு', 'ஃபர்ம்', 'குட்', 'சாஃப்ட்', 'ஹெவி' என்று தரம் பிரித்து, இடைப்பட்ட நிலைகளுக்கும் பெயரிட்டு, பந்தயத்துக்கு முன்பே அறிவிக்கிறார்கள். முன்னாளில் அதிகாரி ஒருவர் கைத்தடியால் குத்தியும் காலால் மிதித்தும் பார்த்து இதைத் தீர்மானித்தார். பின்னர் கருவிகள் வந்தன. பெனட்ரோமீட்டர் என்னும் கருவியில் 1 கிலோ எடையை 1 மீட்டர் உயரத்திலிருந்து விழச் செய்து, கம்பி மண்ணுள் எவ்வளவு ஆழம் இறங்கிற்று என்று அளக்கிறார்கள். பிரான்சில் வழக்கமான இம்முறை இந்தியாவிலும் கையாளப்பட்டது. இங்கிலாந்தில் இந்த நூற்றாண்டில் வழக்குக்கு வந்த 'கோயிங் ஸ்டிக்' என்னும் கோல், மண்ணுள் இறங்க எவ்வளவு விசை வேண்டும் என்பதோடு, இறங்கிய பின் சாய்க்க எவ்வளவு விசை வேண்டும் என்பதையும் அளந்து எண்ணாகச் சொல்கிறது. இந்த அளவுகள் முதலில் குதிரையின் கால்களைக் காப்பதற்கு. பிறகுதான் நம் கணக்குக்கு. மிக இறுகிய தரையில் வேகம் கூடும். எலும்பு முறிவும் கூடவே காத்திருக்கும். ஆகையால்தான் வறண்ட நாளில் ஓடுதளத்துக்கு நீர் பாய்ச்சுகிறார்கள்.

தரையை மறந்து நேரத்தை மட்டும் பார்த்தால் எத்தகைய முடிவுக்கு வருவோம்? இங்கிலாந்தின் எப்ஸம் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் டெர்பி பந்தயத்தையே எடுத்துக்கொள்வோம். 1936-ஆம் ஆண்டு ஆகா கானின் மஹ்மூத் என்ற குதிரை காய்ந்து இறுகிய தரையில் 2 நிமிடம் 33.8 வினாடியில் ஓடி வென்றது. அந்த நேரத்தை முறியடிக்க 1995 வரை எந்தக் குதிரையாலும் முடியவில்லை. இடையில், 1981-இல், ஷெர்கர் என்ற குதிரை அதே டெர்பியை 10 நீளம் முந்தி வென்றது. ஒரு நீளம் என்பது குதிரை ஒன்றின் உடல் நீளம். சுமார் 8 அடி. அந்தப் பந்தயத்தின் வரலாற்றிலேயே அத்தகைய இடைவெளி வேறெவர்க்கும் கிட்டியதில்லை. வெற்றி உறுதியானபின் ஜாக்கி குதிரையை முடுக்காமலே கொண்டுவந்தார். ஆனால் ஷெர்கரின் நேரம் என்ன தெரியுமா? 2 நிமிடம் 44.21 வினாடி! மஹ்மூதைவிடப் பத்து வினாடிக்கு மேல் தாமதம். ஒரு வினாடிக்கு ஆறு நீளம் என்று வைத்தால், மஹ்மூத் ஷெர்கரை அறுபது நீளம் பின்னே தள்ளியிருக்கும் என்று என் மாமாவின் பேரேடு சொல்லியிருக்கும். குதிரைகளை அறிந்த எவரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அப்படியானால் நேரம் பயனற்றதா? அன்று. நேரத்திலிருந்து தரையைக் கழிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

முறை எளியது. ஒவ்வொரு மைதானத்திலும் ஒவ்வொரு தூரத்துக்கும், நல்ல தரையில் நல்ல குதிரைக்கு ஆகும் நேரத்தைப் பல ஆண்டுப் பதிவுகளிலிருந்து கணித்து வைத்துக்கொள்வது முதற்படி. இதற்குப் படி நேரம் என்று பெயர் கொடுப்போம். பிறகு ஒரு நாளின் எல்லாப் பந்தயங்களையும் அதனோடு ஒப்பிட வேண்டும். எடுத்துக்காட்டாக எண்களை நானே அமைத்துச் சொல்கிறேன். 5 பர்லாங்குக்குப் படி நேரம் 60 வினாடி; அன்று ஆனது 62½. அதாவது பர்லாங்குக்கு அரை வினாடி தாமதம். 6 பர்லாங்கில் படி நேரம் 73, ஆனது 76. அதுவும் அரை வினாடி. 7 பர்லாங்கில் படி நேரம் 86; ஆனது 89½. மீண்டும் அரை வினாடியே. மூன்று பந்தயங்களிலும் வெவ்வேறு குதிரைகள் ஓடியும் ஒரே அளவு தாமதம் என்றால், குற்றம் குதிரைகளுடையது அன்று, தரையுடையது. அன்றைய தரை பர்லாங்கு ஒன்றுக்கு அரை வினாடி வரி வாங்கியிருக்கிறது.

நான்காவது பந்தயம் 8 பர்லாங்கு. படி நேரம் 98, ஆனது 101. மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் மூன்று வினாடி மந்தம். ஆனால் தரையின் வரி எட்டு அரை வினாடிகள், அதாவது நான்கு வினாடி. அதைக் கழித்தால் மிஞ்சுவது 97. மந்தமாகத் தோன்றிய அந்தக் குதிரை உண்மையில் படி நேரத்தைவிட ஒரு வினாடி விரைவாக ஓடியிருக்கிறது. கூட்டம் அதைக் கவனிக்கவில்லை, கணக்கன் கவனித்துவிட்டான். நீதிமன்றம் சொன்ன திறமையில் பார்ப்பவனுக்கு உரிய பங்கு இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

இதைப் பெருந்தொழிலாக வளர்த்தவர் ஃபில் புல் என்ற ஆங்கிலேயர். சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகன். லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஓட்ட நேரங்களை ஆராய்ந்து, 1948-இல் டைம்ஃபார்ம் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, குதிரைகளுக்கு மதிப்பெண் வழங்கும் முறையை நிலைநாட்டினார். அமெரிக்காவில் ஆண்ட்ரு பேயர் என்ற பத்திரிகையாளர், தரையைக் கழித்துக் காணும் வேக எண்ணைத் தம் 1975-ஆம் ஆண்டு நூலின் வாயிலாகப் பொதுமக்களுக்குக் கற்பித்தார்.

நேயர்களே, கணக்கு எவ்வளவு சரியாயினும் அதற்கு ஊட்டும் எண் பிழையானால் என்ன ஆகும்? 1973-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் ப்ரீக்னெஸ் பந்தயத்தில் செக்ரடேரியட் என்ற புகழ்பெற்ற குதிரை வென்றது. மின்பொறி காட்டிய நேரம் 1 நிமிடம் 55 வினாடி. கையில் கடிகாரம் வைத்திருந்த மைதான அதிகாரி 54 வினாடியும் இரண்டு ஐந்தில் பங்கும் என்றார். பத்திரிகை ஒன்றுக்காக நேரம் பிடித்த இருவர், தனித்தனியே நின்று, 53 வினாடியும் இரண்டு ஐந்தில் பங்கும் என்றனர். ஒரே ஓட்டத்துக்கு மூன்று நேரம்! இறுதியில் 2012-ஆம் ஆண்டு, மேரிலாந்து மாநிலப் பந்தய ஆணையம் படச்சுருளைப் புதிதாக ஆராய்ந்து, 1 நிமிடம் 53 வினாடி என்று திருத்தியது. குதிரை இறந்து இருபது ஆண்டுக்கு மேல் ஆன பின்பு அதற்குரிய சாதனை அதனிடம் சேர்ந்தது. கடிகாரத்துக்கு வேண்டியவன், வேண்டாதவன் இல்லை என்பது மெய்தான். ஆனால் கடிகாரமும் தவறும்.

இன்னொன்று. சில குதிரைகள் ஈரத் தரையை விரும்பும், சில வெறுக்கும். தரையின் வரி எல்லாக் குதிரைக்கும் ஒன்றாக விதிக்கப்படுவதில்லை. 2012-ஆம் ஆண்டு அக்டோபரில், தோல்வியே அறியாத ஃபிராங்கெல் என்ற குதிரை தன் இறுதிப் பந்தயத்தை ஆஸ்காட்டில் ஓடியது. மழையால் தரை நெகிழ்ந்திருந்தது. எதிரே, அத்தகைய தரையிலேயே பெயர் பெற்ற பிரெஞ்சுக் குதிரை. வழக்கமாகப் பல நீளம் முந்தும் ஃபிராங்கெல் அன்று வென்றது ஒன்றே முக்கால் நீளத்தில். வெற்றி வெற்றிதான், எனினும் தரை தன் பங்கை எடுத்துக்கொண்டே விட்டது. இவற்றோடு ஓட்டத்தின் போக்கையும் கணக்கில் சேர்க்க வேண்டும். முற்பாதியில் எல்லாரும் மெதுவாகச் சென்று கடைசியில் மட்டும் விரைந்தால் மொத்த நேரம் எதையும் சொல்லாது. அதனால்தான் இன்று பர்லாங்கு பர்லாங்காக நேரம் பிடிக்கிறார்கள்.

'இவ்வளவும் தெரிந்தால் பணம் பண்ணலாமே?' என்று கேட்பீர்கள். பொறுங்கள். இந்த எண்கள் ஒருவனிடம் மட்டும் இருந்த காலத்தில் அவனுக்கு ஆதாயம் இருந்தது. எல்லார் கையிலும் அச்சாகி வந்தபின், கட்டும் பணத்துக்குக் கிடைக்கும் விலையிலேயே அந்த அறிவு கலந்துவிடுகிறது. அன்றியும், கட்டிய பணத் தொகுதியிலிருந்து வரியையும் நடத்துவோர் பங்கையும் கழித்த பிறகே மிச்சத்தை வென்றவர்களுக்குப் பிரிக்கிறார்கள். எல்லாரும் சமமான அறிவாளிகளாக இருந்தால் எல்லாரும் சேர்ந்து தோற்பார்கள். இதற்குக் கணக்கு வாத்தியார் தேவையில்லை. கழித்தல் தெரிந்தால் போதும். திறமை உண்டு என்று நீதிமன்றம் சொன்னது மெய். அந்தத் திறமை நம்மிடம் உண்டு என்று அது சொல்லவில்லை.

என் மாமாவை நான் முட்டாள் என்று எண்ணியதே இல்லை. அவர் எழுதிய எண்களில் ஒன்றும் பொய்யன்று. விடுபட்டது ஒரு பத்தி. வகுப்பில் நான் பிள்ளைகளுக்கு மதிப்பெண் இட்டபோதெல்லாம் அந்தப் பத்தி என் நினைவுக்கு வந்ததுண்டு. விளக்கு வசதியுள்ள வீட்டிலிருந்து வந்த பிள்ளை வாங்கிய எண்பதும், விடியுமுன் பால் ஊற்றிவிட்டு ஓடிவந்த பிள்ளை வாங்கிய எழுபதும் பேரேட்டில் அருகருகே நிற்கும். இரண்டும் சரியான எண்கள்தாம். எந்தத் தரையில் ஓடி வாங்கிய எண்கள் என்று எழுதி வைக்க அங்கேயும் பத்தி இல்லை.

அந்தப் பேரேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. மாமாவின் ஆறு பத்திகளுக்கு அப்பால், தாளின் வலப்பக்கம், சிறிது வெற்றிடம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அங்கே பென்சிலால் ஏழாவது கோடு ஒன்று இழுத்து, அதன் தலையில் 'தரை' என்று எழுதினேன். கார்த்திகை மாதத்து அந்த நாளுக்கு நேரே 'ஈரம்' என்று குறித்தேன். என் மாமன் மகள், இப்போது பேரப்பிள்ளைகள் கண்டவள், அதைப் பார்த்தாள். "அப்பாவிடம் இதை யாராவது சொல்லியிருக்கலாம்" என்றாள். அந்த நாளைப்பற்றி அவள் பேசி நான் கேட்டது அதுவே முதல் தடவை.