எல்லை தாண்டும் ஊறுகாய்



வலியசாலையில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்கின்றன. அங்கே அடுத்தடுத்த வீட்டில் இரண்டு மாமிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அப்பளம் இட்டு விற்கிறார். மற்றவர் ஊறுகாய் போட்டு விற்கிறார். இருவருக்கும் நாகர்கோவிலில் வாடிக்கை உண்டு. மாதந்தோறும் பார்சல் அனுப்புகிறார்கள்.

ஒரு நாள் ஊறுகாய் மாமிக்குச் சந்தேகம் வந்தது. "நாம் ஜி.எஸ்.டி. பதிவு செய்ய வேண்டாமா?" என்று கேட்டார்.

"வருஷத்துக்கு 40 லட்சம் ரூபாய்க்கு மேல் விற்றால்தான் பதிவு. நமக்கென்ன பயம்?" என்றார் அப்பளம் மாமி.

அவர் சொன்னது பாதி சரி. மீதிப் பாதி என்ன?

1956-க்கு முன் நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஒரே ராஜ்யத்தில் இருந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. களியக்காவிளை எல்லை ஆயிற்று. உறவுக்கு எல்லை இல்லை. ஆனால் வரிக்கு எல்லை உண்டு.

2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. 40 லட்சம் என்ற வரம்பு பொருள் விற்பவர்களுக்கு உரியது. அதுவும் சொந்த மாநிலத்துக்குள் விற்றால்தான். வரி உள்ள பொருளை வேறு மாநிலத்துக்கு அனுப்பி விற்றால் அந்த வரம்பு உதவாது. நூறு ரூபாய்க்கு விற்றாலும் பதிவு வேண்டும்.

அப்பளத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. வரி இல்லாத பொருளை மட்டுமே விற்பவர் பதிவு செய்ய வேண்டியதில்லை. அவர் எங்கே அனுப்பினாலும் பயமில்லை.

ஊறுகாய்க்கு வரி உண்டு. 12 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம் ஆயிற்று. ஆகவே ஊறுகாய் மாமி பதிவு செய்தே ஆக வேண்டும். மாதம் 5,000 ரூபாய்க்கு அனுப்பினால் வரி 250 ரூபாய்தான். பதிவு செய்யாமல் பிடிபட்டால் அபராதம் 10,000 ரூபாய்க்குக் குறையாது. வரியும் வட்டியும் தனி.

அவருக்கு மூன்று வழிகள் உண்டு.

ஒன்று: பதிவு செய்துகொள்வது. பான் எண், ஆதார், போட்டோ, வங்கிக் கணக்கு, வீட்டு மின்கட்டண ரசீது வேண்டும். அரசுக்குக் கட்டணம் எதுவும் இல்லை. அட்சயா மையத்தில் உதவி கேட்கலாம். அங்கே சேவைக் கூலி மட்டும் வாங்குவார்கள். ஆனால் பதிவு செய்த பின் உள்ளூரில் விற்கும் ஊறுகாய்க்கும் வரி கட்ட வேண்டும். விற்பனை இல்லாத காலத்துக்கும் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் தாமதக் கட்டணம் வரும்.

இரண்டு: பதிவு பெற்ற சாலைக் கடைத்தெரு வியாபாரியிடம் விற்றுவிடுவது. மாமி விற்றது கேரளத்துக்குள். நாகர்கோவிலுக்கு அனுப்புவதும் அதற்கு வரி கட்டுவதும் வியாபாரியின் பொறுப்பு. லாபம் சற்றுக் குறையும். தலைவலியும் குறையும்.

மூன்று: பார்சலை நிறுத்திவிட்டு உள்ளூரில் மட்டும் விற்பது. நாகர்கோவில்காரர் வீட்டுச் செலவுக்கு நேரில் வந்து வாங்கிக் கையோடு எடுத்துப் போனால், அது உள்ளூர் விற்பனைதான்.

எந்த வழி லாபம்? கணக்கு நோட்டைப் பார்த்தால்தான் தெரியும். வெளியூர் விற்பனை அதிகமா, உள்ளூர் விற்பனை அதிகமா? ஆகவே தேதி, பொருள், ஊர், தொகை ஆகிய நான்கையும் அன்றன்றே எழுதுங்கள். வாங்கிய சாமானின் பில்லையும் பத்திரமாக வையுங்கள்.

பார்சல் கட்டும் முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இந்தப் பொருளுக்கு வரி உண்டா? இது எல்லை தாண்டுகிறதா? இரண்டுக்கும் பதில் "ஆம்" என்றால், பார்சலைச் சற்று நிறுத்தி வையுங்கள். முதலில் பதிவைப் பாருங்கள்.

பக்கத்து வீட்டுக்காரருக்குப் பொருந்துவது உங்களுக்கும் பொருந்தும் என்று இருந்துவிடாதீர்கள். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கற்ற எழுத்து உங்கள் கணக்கு நோட்டில் உங்களுக்குத் துணை நிற்கட்டும்.