காக்கை வலிப்பும் அருகிலிருப்போர் கடமையும்



வரப்பில் நின்றவர் திடீரென விழுந்து, கைகால் வெட்டி, வாயில் நுரை தள்ளக் கண்டால் நம்மவர் முதலில் தேடுவது இரும்புச் சாவியை, அடுத்துப் பூசாரியை. வைத்தியர் மூன்றாம் பட்சம். காக்கை வலிப்பு பேயுமன்று, பாவமுமன்று, தொற்றுவதுமன்று. மூளையின் நுண்ணிய அணுக்கள் மின்சக்தியாற் செய்தி அனுப்புகின்றன. அவற்றுட் பல ஒழுங்கு தவறி ஏககாலத்தில் அச்சக்தியை வெளியிடுவதே வலிப்பு. பெரும்பாலும் இரண்டொரு நிமிஷத்தில் அது தானே அடங்கும். கையிலிருந்த சாவிக்குக் கீர்த்தி கிடைத்துவிடுகிறது!

பிரசவத்திற் சிசுவுக்குப் பிராணவாயு குறைதல், தலைக்காயம், மூளைக் காய்ச்சல் முதலியன காரணமாகலாம். பன்றி நாடாப்புழுவின் முட்டை மனித மலத்தின் வழி வெளிப்பட்டு, கழுவாத காய்கறியாலும் அசுத்தக் கையாலும் வயிற்றுட் சென்று, அதன் இளம்புழு மூளையிற் கூடு கட்டுவதும் உண்டு. ஆகையால் மாமிசம் உண்ணாதாரும் இதற்குத் தப்பியவரல்லர். பலருக்குக் காரணமே விளங்குவதில்லை.

விழுந்தவருக்கு நடந்தது நினைவிராது. மூளையின் மின்னோட்டத்தை வரையும் பதிவோ, வலிப்பில்லாத வேளையிற் குற்றமின்றித் தோன்றக்கூடும். ஆதலால் கண்டவர் சொல்லே வைத்தியருக்குப் பெருஞ் சாட்சியம். கானாவிலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லும்போது, பார்த்த ஒருவர் உடன் செல்க. எப்பக்கம் முதலில் இழுத்தது, எத்தனை நிமிஷம் நீடித்தது, நாக்குக் கடிபட்டதா என்பவற்றைச் சொல்லுக. கைபேசியிற் படம் பிடித்திருந்தால் மிக நன்று. சில வலிப்பு விழச் செய்வதுமில்லை. பாடத்தின் நடுவே பிள்ளை சில விநாடி வெறித்து நிற்கும். அதைக் கவனமின்மை என்று அடிப்பது கொடுமை.

வலிப்பின்போது வாயில் எதையும் திணியாதீர்; அழுத்திப் பிடியாதீர். ஒருக்களித்துக் கிடத்துங்கள். ஐந்து நிமிஷம் கடந்தாலும், தெளியுமுன் மீண்டும் வந்தாலும் 108-ஐ அழையுங்கள்.

தக்க மாத்திரையை நாள்தோறும் உண்டால் நூற்றுக்கு எழுபது பேர்வரை வலிப்பின்றி வாழலாம். ஆனால் சில மாதம் வரவில்லையென்று தாமே நிறுத்துவோர் பலர். திடீரென நிறுத்தினால் விடாத வலிப்பு மூண்டு உயிருக்கே மோசம் வரலாம். குறைப்பது வைத்தியர் வேலை. அதுவும் வழக்கமாக இரண்டு வருஷமேனும் வலிப்பின்றிக் கழிந்த பின்பே. கருவுற விரும்பும் பெண்கள் முன்னதாகவே வைத்தியரைக் கலந்து, மருந்தை மாற்றவேண்டுமா என்று கேட்கவேண்டும்.

கலியாணத்துக்கு அஞ்சி நோயை மறைப்போர் ஒன்றை அறியவேண்டும்: இந்து விவாகச் சட்டத்திலிருந்த வலிப்பென்னும் தடை 1999-இல் நீக்கப்பட்டது.

வலிப்புள்ளவர் கிணற்றிலோ முல்லைப் பெரியாற்று வாய்க்காலிலோ தனியே இறங்கலாகாது. இரவில் நீர்ப்பாய்ச்சும் முறை அவருக்கு வந்தால், அடுத்த வயற்காரர் ஒருவர் துணை செல்லட்டும்.