'அண்ட்' போடுவதா, 'பிகாஸ்' போடுவதா?

மும்பையின் டிராம்பேயில் தமிழர்கள் நிறைந்த சீட்டா கேம்ப் எப்படி வந்தது என்று அங்குள்ள பெரியவர் யாரையாவது கேட்டால், ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்: "எமர்ஜென்சியில ஜனதா காலனியை இடிச்சு, எங்களை எல்லாம் கிளப்பி, இங்க கொண்டாந்து விட்டாங்க." இது நடந்தது 1976-ல். பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்கு அருகே இருந்த காலனி அது.

அவர் பேச்சில் இடிச்சு, கிளப்பி என்று எச்சங்கள் வரிசையாக வருகின்றன. கடைசியில் ஒரே ஒரு முற்று. வாக்கியம் முடிந்தது. இதை அப்படியே இங்கிலீஷில் சொல்லப் போனால்தான் நம் பிள்ளைகள் திணறுகிறார்கள். அங்கே பெரும்பாலும் ஒவ்வொரு செயலுக்கும் தனி எழுவாய், காலம் காட்டும் தனி வினை வேண்டும்.

ஆகவே முதலில் உடைத்துக்கொள்வோம். 'தே டெமாலிஷ்ட் ஜனதா காலனி.' 'வீ கேம் டு சீட்டா கேம்ப்.' ஒவ்வொன்றும் சிம்பிள் சென்டென்ஸ். நடுவே 'அண்ட்' போட்டால் காம்பவுண்ட். இரண்டு பகுதியும் சம அந்தஸ்து. எதைப் பிரித்தாலும் தனியே நிற்கும். 'பட்', 'ஆர்', 'சோ' சேர்ப்பதும் இப்படித்தான்.

'அண்ட்' இருந்த இடத்தில் காரணத்தைக் கொண்டுவருவோம்: 'வீ கேம் டு சீட்டா கேம்ப் பிகாஸ் தே டெமாலிஷ்ட் ஜனதா காலனி.' இது காம்ப்ளெக்ஸ். 'பிகாஸ்' என்று தொடங்கும் பகுதி தனியே நிற்காது. தமிழில் 'இடித்ததால்' என்று வினையின் வாலில் ஒட்டும் காரணம், இங்கிலீஷில் முன்னால் தனிச் சொல்லாக வந்துவிடுகிறது. அதனால் ஒரே வாக்கியத்தில் 'பிகாஸ்' போட்டு 'சோ'வும் போட வேண்டாம். 'ஆல்தோ' போட்டு 'பட்'டும் போட வேண்டாம். இணைக்க ஒன்று போதும்.

நான்காவது வகை, காம்பவுண்டும் காம்ப்ளெக்ஸும் கலந்தது: 'வென் தே டெமாலிஷ்ட் ஜனதா காலனி, வீ கேம் டு சீட்டா கேம்ப், அண்ட் வீ பில்ட் அவர் ஹவுசஸ் அகெய்ன்.' தனித்து நிற்பவை இரண்டு, சார்ந்து நிற்பது ஒன்று. பெயர் காம்பவுண்ட்-காம்ப்ளெக்ஸ்.

நீளமான வாக்கியம்தான் உயர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். வார்டு ஆபீசுக்கு மனு எழுதும்போது, 'அண்ட்' போட்டால் இரண்டு சம்பவம் நடந்தது என்று மட்டும் தெரியும். எதனால் எது நடந்தது என்று அதிகாரிக்குத் தெரிய வேண்டுமானால், 'பிகாஸ்' போலக் காரணம் காட்டும் சொல்லைப் போட்டுத்தான் எழுத வேண்டும்.