பழைய பிரிட்ஜும் புகையூட்டிய இறைச்சியும்



தில்லி மாநகரின் மேற்கே ஜனக்புரியில், அடுக்குமாடி வீடுகளின் மாடிப்படி ஓரங்களைப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமானதாயிருக்கும். கைப்பிடி கழன்ற பழைய பிரிட்ஜ் ஒன்று, தலைமேல் செய்தித்தாள் கட்டுகளைச் சுமந்தபடி, கபாடிக்காரரின் வரவை எதிர்நோக்கி நின்றுகொண்டிருக்கும். அப்பெட்டியை வாங்கி, உட்புறத்தைக் காலிசெய்து, இறைச்சிக்குப் புகையூட்டும் பெட்டியாக மாற்றினால் என்ன என்று நம்மில் சிலருக்கு ஓர் எண்ணம் உதித்தது. மேல்நாடுகளில் பலர் விடுமுறை நாட்களில் செய்யும் வேலைதான் இது. ஆனால் நமக்கு அந்த ஆசை பிறந்த காரணம் வேறு.

காரணம், உப்புக்கண்டம். ஆட்டிறைச்சியை விரற்கனத்தில் கீறி, உப்பும் மஞ்சளும் மிளகாயும் பூண்டும் அரைத்துப் பூசி, நூலிற் கோத்து, முற்றத்து வெயிலில் தொங்கவிடுவது நம் ஊர் வழக்கம். தில்லியின் மே மாத வெயில் அதற்குப் போதும்; போதுமென்பதைவிடச் சற்று மிகுதி என்றே சொல்லலாம். ஆயினும் அவ்வெயிலோடு 'லூ' என்னும் அனற்காற்றும், அக்காற்றோடு மேற்கத்திப் புழுதியும் வந்து இறைச்சியின்மேல் படிந்துவிடுகின்றன. டிசம்பர், ஜனவரியிலோ மூடுபனி. கதிரவன் பிற்பகலில் ஒரு மணி நேரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனால் அதுவே பெரும்பேறு. வெறுஞ்சோறும் உப்புக்கண்ட வறுவலும் வேண்டுமென்று நாக்கு அடம்பிடிப்பது அந்தக் குளிரில்தான் என்பது நம் துரதிர்ஷ்டம்.

வெயில் கைவிட்ட இடத்தில் புகை கைகொடுக்கும் என்பதை நம்மவர் அறியாதவர் அல்லர். விறகடுப்புக்கு மேலிருந்த பரணில் விதைக்கதிர்களைக் கட்டித் தொங்கவிட்ட வீடுகளிலிருந்து வந்தவர்கள்தாமே நாம்! சூரை மீனை அவித்து, புகையில் வாட்டி, பின்னர் வெயிலில் உலர்த்தினால் கிடைப்பது மாசி. மாலத்தீவிலும் லட்சத்தீவின் மினிக்காயிலும் அதைச் செய்கிறார்கள், ஈழத்துச் சம்பலுக்கு அது உயிர்நாடி. நாகாலாந்து, மணிப்பூர் மக்கள் அடுப்பின்மேல் தொங்கவிட்டுப் புகையூட்டும் பன்றியிறைச்சியைத் தில்லியின் ஹுமாயூன்பூர் உணவகங்களில் இன்று யாரும் உண்டு பார்க்கலாம்.

சரி, புகையூட்டப் பிரிட்ஜ் எதற்கு? ஒரு தகர டிரம் போதாதா? கோடையில் போதும். ஜனவரி மாதத்து வாடைக்காற்றில் தகரம் உடனே குளிர்ந்துவிடும். தீயைப் பெருக்க வேண்டியிருக்கும். தீ பெருகினால் இறைச்சி கருகும். பிரிட்ஜின் சுவரோ, வெளியிலுள்ள வெப்பத்தை உள்ளே விடாதிருக்கவே கட்டப்பட்டது. அதே சுவர் உள்ளேயுள்ள வெப்பத்தையும் வெளியே விடாது. ஆகவே கைப்பிடியளவு தணலைக் கொண்டே பெட்டியை 80, 90 டிகிரி சென்டிகிரேடில் மணிக்கணக்காக நிறுத்தி வைக்க முடிகிறது. இது நல்ல யோசனைதான், மறுப்பில்லை.

ஆனால் அச்சுவர் எதனால் ஆனது என்ற கேள்வியில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. இந்தியாவிலேயே பிரிட்ஜ் செய்யும் தொழிலை 1958இல் கோத்ரெஜ் தொடங்கியது. அக்காலத்துப் பழைய பெட்டிகளில் உட்சுவர் எனாமல் பூசிய இரும்பாகவும், நடுவே திணித்தது கண்ணாடிப் பஞ்சாகவும் இருப்பதுண்டு. புகைப்பெட்டி செய்த மேல்நாட்டார் தேடிப் பிடித்தவை அத்தகையவையே. பிற்காலத்துப் பெட்டிகளின் உட்சுவர் பிளாஸ்டிக்; நடுவே இருப்பது பாலியூரிதேன் நுரை. அந்தப் பிளாஸ்டிக் ஏறத்தாழ 100 டிகிரியை நெருங்கும்போது இளகத் தொடங்குகிறது. நுரையில் தீப்பற்றினாலோ கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடு என்னும் கொடிய நச்சு வாயுவும் எழும்.

சோதித்துப் பார்க்கும் வழி எளிது. ஒரு காந்தத் துண்டை எடுத்துச் சென்று உட்சுவரில் வைக்கவேண்டும். பற்றிக்கொண்டால் மேற்கொண்டு பேசலாம். வழுக்கி விழுந்தால் அப்பெட்டி நமக்கு உதவாது. நாம் கண்ட முதற்பெட்டியில் காந்தம் வழுக்கித்தான் விழுந்தது. வெளிக்கதவில் 'டக்'கென்று ஒட்டியதைக் கண்டு மகிழ்ந்த நண்பர், அதன் பிறகு அரைமணி நேரம் ஒன்றும் பேசவில்லை. காந்தம் ஒட்டினாலுங்கூட, பின்பலகையின் திருகாணிகளைக் கழற்றி, உள்ளே இருப்பது பஞ்சா நுரையா என்று கண்ணால் காண்பது அவசியம். பெட்டியோடு வரும் கம்பித் தட்டுகளையும் நம்புவதற்கில்லை. பழைய தட்டுகளில் சிலவற்றுக்குக் காட்மியம் பூசியிருப்பார்கள். புளியும் எலுமிச்சையும் கலந்த மசாலா பட்டால் அது கரைந்து உணவில் ஏறும். தட்டுகளை எறிந்துவிட்டு எவர்சில்வர் கம்பிகளைப் பொருத்துவதே முறை.

அடுத்தது வாயு. பழைய பெட்டிகளில் பிரியான்-12 இருந்தது. அது ஓசோன் படலத்தை அரிப்பது என்று கண்டு, 1987இல் மான்ட்ரியல் நகரில் உலக நாடுகள் உடன்படிக்கை செய்தன. நம் நாடு 2010இல் அவ்வகை வாயுக்களின் உற்பத்தியையும் பயன்பாட்டையும் நிறுத்தியது. தீயில் பட்டால் அது நச்சாகச் சிதையும். இன்றைய பெட்டிகள் பலவற்றில் இருப்பது ஐசோபியூட்டேன். அது சமையல் வாயுவைப் போலவே தீப்பற்றும். குழாயை ரம்பத்தால் அறுத்து 'உஸ்' என்று வெளியேவிடும் வழக்கம் கடைத்தெருவில் உண்டு. நாம் அதைச் செய்தலாகாது. வாயுவை இழுத்துச் சேகரிக்கும் கருவியுள்ள மெக்கானிக்கை அழைத்து, கம்ப்ரசரையும் குழாய்களையும் அவர் கையாலேயே அகற்றச் செய்வதே தக்கது. அகற்றிய பாகங்கள் மின்னணுக் கழிவு விதிகளுக்கு உட்பட்டவை; பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் போய்ச் சேரவேண்டியவை.

இவ்வளவு அச்சம் தேவையா என்று சிலர் நகைக்கக்கூடும். ஜனக்புரிக்கு அருகிலுள்ள மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில், 2010 ஏப்ரலில், ஏலத்தில் வந்த ஆய்வுக்கூடக் கருவி ஒன்றை உள்ளே இருப்பது இன்னதென்று அறியாமல் உடைத்தார்கள். இருந்தது கோபால்ட்-60. பலர் கதிர்வீச்சால் நோயுற்றனர். ஒருவர் இறந்தே போனார். பிரிட்ஜில் கோபால்ட் இல்லை, உண்மை. ஆனால் உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாமல் ஒரு பொருளை உடைக்கும் பழக்கம் ஒன்றேதான்.

கதவைப் பற்றியும் ஒரு சொல். பழைய பெட்டிகளின் கொக்கித் தாழ் உள்ளிருந்து திறவாது. ஒளிந்து விளையாடிய குழந்தைகள் அகப்பட்டு மூச்சடைத்து இறந்த செய்திகள் பெருகியதால், உள்ளிருந்தே திறக்கக்கூடிய கதவு வேண்டுமென்று அமெரிக்காவில் 1956இல் சட்டமே இயற்றினார்கள். பெட்டி நம் வீட்டுக்கு வந்த அன்றே, வேறெந்த வேலைக்கும் முன்னதாக, அத்தாழைக் கழற்றிவிடவேண்டும். கதவு மூடி நிற்க வெளியே ஒரு சிறு கொண்டி போதும். வேலை நடக்காத நாட்களில் கதவே வேண்டாம். கதவோரத்து ரப்பரையும் உரித்துவிட வேண்டும், சூட்டில் அது நாறும்.

இனிச் செய்முறை. தணலைப் பெட்டிக்குள் வைப்பதில்லை. வெளியே, கீழ்ப்புறத்தில், மூடியுள்ள ஓர் இரும்புச் சட்டியில் தணலிட்டு, அங்கிருந்து முலாம் பூசாத இரும்புக் குழாய் வழியே புகையைப் பெட்டியின் அடிப்பக்கத்தில் நுழைக்கிறோம். உச்சியில் ஒரு துளையும், அதற்குத் தள்ளு மூடியும் அமைக்கிறோம். நடுவில் சிறு துளையிட்டு வெப்பமானியைச் செருகுகிறோம். கொழுப்பு உருகித் தணலில் சொட்டினால் கரிப்புகை எழுந்து இறைச்சியில் படியும். அதிலுள்ள பென்சோபைரீன் புற்றுநோய்க்கு வித்திடுவது. தணல் வெளியே இருப்பதன் நன்மை இதுதான்.

விறகு விஷயத்தில் தில்லி நமக்கு ஒரு வேடிக்கையை வைத்திருக்கிறது. ரிட்ஜ் காடெங்கும் மண்டிக் கிடக்கும் 'விலாயத்தி கீக்கர்' வேறொன்றுமன்று, நம் இராமநாதபுரத்துச் சீமைக்கருவேலமேதான். மெக்சிகோவிலும் டெக்சாசிலும் இறைச்சிக்குப் புகையூட்ட விரும்பித் தேடும் மெஸ்கீட் மரம் அதன் ஒன்றுவிட்ட சகோதரம். நாம் சபித்த மரத்துக்கு அங்கே மதிப்பு! ஆனால் தில்லியில் மரம் வெட்ட அனுமதி வேண்டும். ஆதலால் விறகுக் கடையில் வாங்கிய காய்ந்த மாவிறகே நமக்கு உகந்தது. ஆப்பிள் பெட்டிப் பலகை பிசின் மரம், கசக்கும். பிளைவுட்டும் வண்ணம் பூசிய பலகையும் நஞ்சு.

ஒரு கிலோ இறைச்சிக்கு 25 கிராம் உப்பும் மசாலாவும் தடவி, நல்ல பிரிட்ஜில் ஓரிரவு வைத்து, மேலீரம் உலர்ந்தபின் தொங்கவிடவேண்டும். இரண்டு மூன்று மணி நேரத்தில் இறைச்சியின் நடுப்பகுதி 75 டிகிரியை எட்டிவிடும். எட்டியதா என்பதைக் கருவி சொல்ல வேண்டும், நிறம் சொல்லக்கூடாது. இளஞ்சூட்டில் நெடுநேரம் புகையூட்டும் முறை வீட்டுக்கு ஆகாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையேதான் கிருமிகள் செழித்து வளர்கின்றன. இதில் பலரும் ஏமாறும் இடமொன்று உண்டு. இவ்விறைச்சி பார்வைக்கு உப்புக்கண்டம் போலவே இருந்தாலும் உப்புக்கண்டம் அன்று. அதைக் காத்தது மிகுந்த உப்பும் முற்றிய உலர்வும். புகை மட்டும் காக்காது. ஆகையால் பிரிட்ஜில் வைத்து மூன்று நான்கு நாட்களில் தீர்த்துவிடவேண்டும். உப்பிட்டும் புகையூட்டியும் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய்க்குக் காரணமானவற்றுள் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வமைப்பு 2015இல் சேர்த்துவிட்டது. மாதம் ஒருமுறை போதும்.

இதைச் செய்யத் திறந்த மொட்டைமாடியே இடம். கண்ணாடியால் அடைத்த பால்கனியில் கூடவே கூடாது. மூடிய அறையில் அங்கீட்டி மூட்டி உறங்கி மாண்டவர்களின் செய்தி இந்நகரில் குளிர்காலந்தோறும் வருகிறது. காற்றின் தரம் மிக மோசமான நாட்களில் உணவகங்களின் விறகுத் தந்தூர்களுக்கே தடை விதிக்கிறார்கள். அந்நாட்களில் நாமும் பெட்டியைத் தொடாதிருப்பது கடமை. மேல்வீட்டார் மரக்கறி உண்பவராயின் முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது.

காந்தம் ஒட்டாத பெட்டிதான் கிடைத்தது என்று வருந்துவோருக்கு, இந்த ஊர்ச் சமையலிலேயே ஒரு வழி இருக்கிறது. 'துங்கார்' என்பார்கள். வெந்த இறைச்சியின் நடுவே சிறு கிண்ணத்தில் ஒரு கரித்துண்டுத் தணலை வைத்து, அதன்மேல் அரைத் தேக்கரண்டி நெய் விட்டு, பாத்திரத்தை ஐந்து நிமிடம் இறுக மூடிவைக்க வேண்டும். சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யலாம். பிரிட்ஜைக் கபாடிக்காரர் தூக்கிக்கொண்டு போகட்டும்.