அலைகரை



எங்கள் கல்லூரிப் புவியியல் அறைச் சுவரில், ஐம்பதாயிரத்தில் ஒன்று என்ற அளவுத்திட்டத்தில் வரைந்த இடவிளக்கப்படம் தொங்குகிறது. சீனன்குடாப் பக்கம் விமான ஓடுபாதையும் எண்ணெய்க் குதங்களும் நெருங்கிக் கிடக்கின்றன. தம்பலகாமத்து வயல்களையும் தாண்டி உள்ளே போகப்போக வீடுகள் அருகிவிடுகின்றன. பிறகு சின்னஞ்சிறு குளங்கள்தான்.

நமது நில அளவைத் திணைக்களம் 1800இல் தோன்றியது. அதில் பணியாற்றிய ஆர். எல். புரோகியர், காடுமேடெல்லாம் அலைந்து கண்ட பழைய நீர்ப்பாசன வேலைகளைப் பற்றி 1934, 35ஆம் ஆண்டுகளில் நூல் எழுதினார். அத்தகையோர் கால்நடையாய் அளந்த பூமி இது.

சமவுயரக் கோட்டை விளக்க, புவியியல் ஆசிரியர் உருளைக்கிழங்கை வெட்டிக் காட்டுவார். வேளாண்மைக்காரர் பிள்ளைக்கு அது வேண்டியதில்லை. நிறைந்த குளத்தின் நீர்விளிம்பு தரையைத் தொடும் இடமெல்லாம் ஒரே உயரம். அதற்கு நம்மவர் இட்ட பெயர் அலைகரை. தட்டையான நிலத்தில் படத்தின் கோடுகள் வெகுதூரம் விலகி நிற்கும். இரண்டு கோடுகளுக்கு நடுவே ஓர் ஊரே ஒளிந்துகொள்ளும். அலைகரை அப்படியன்று.

1990இல் நாங்கள் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது எனக்குப் பத்து வயது. பல ஆண்டுகளின் பின் காணி தேடி ஐயாவோடு போனேன். பாதையில்லை, வேலியில்லை, எங்கும் பற்றைக்காடு. நான் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐயா அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மருதமரங்கள் நின்ற ஒழுங்கைக் கண்டு, அந்த ஓரத்தையே பிடித்து நடந்தார்.

"இதுதான் தம்பி அலைகரை. இப்படியே போனால் கட்டு வரும்."

வந்தது. கட்டின் தலைப்பில் வான். வானிலிருந்து நூறு கவடு தள்ளி எங்கள் வளவு. கிணற்றுக்கட்டு மட்டும் மிஞ்சியிருந்தது.

படத்தின் குறிவிளக்கத்தில் 'கைவிடப்பட்ட குளம்' என்று ஓர் அடையாளம் உண்டு. பல நூற்றாண்டுகளாய்த் தூர்ந்து கிடப்பவற்றுக்கு அது பொருந்தலாம். செயப்பாட்டுவினை கற்பிக்கும் நாளில் அந்தச் சொல்லைத்தான் கரும்பலகையில் எழுதுகிறேன். கைவிட்டவர் யார் என்று கேட்டால் வகுப்பு பேசாதிருக்கும். ஒருமுறை ஒரு மாணவி எழுந்து, "நாங்கள் கைவிடவில்லை, சேர்" என்றாள்.

இந்தத் தவணை மாணவருக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, தங்கள் ஊர்க் குளத்தின் பெயரையும், கட்டும் வானும் அலைகரையும் இருக்கும் இடங்களையும் வரைந்து வரவேண்டும். கொப்பித்தாள்கள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றிலுள்ள சில குளங்களுக்குச் சுவரிலுள்ள படத்தில் பெயரே இல்லை.