முடங்கிய முழங்கால்

மாணவ நண்பர்களே,

முப்பத்தைந்து ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவன் நான். ஓய்வு பெற்ற பின்னர், அறுபத்து மூன்றாம் வயதில், எனக்கு ஓர் ஆசிரியை வாய்த்தார். என் மகளினும் இளையவர். அவர் கற்பித்த பாடம் ஒன்றே: முழங்காலை மடக்குவது.

நான் வசிக்கும் அம்பத்தூர், சைக்கிள் தொழிற்சாலை கண்ட ஊர். எனக்கும் சைக்கிளில் தனிப் பற்று உண்டு. ஒரு மழைநாள் மாலை, ஆவடி செல்லும் சாலையில் வழுக்கி விழுந்தேன். முழங்காற் சில்லு உடைந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த அன்று என் காலை எனக்கே அடையாளம் தெரியவில்லை. தொடை மெலிந்திருந்தது, முழங்கால் மரக்கட்டைபோல் விறைத்திருந்தது.

எலும்பு கூடிவிட்டது, இனிப் பயிற்சி வேண்டும் என்றார் மருத்துவர். நானோ, வலிக்கும் காலுக்கு ஓய்வன்றோ மருந்து என்று எண்ணி, இரண்டு வாரம் கட்டிலிலேயே கழித்தேன். விறைப்பு மிகுந்ததே அன்றிக் குறையவில்லை.

அப்பொழுதுதான் பழைய மாணவன் ஒருவன் நினைவுக்கு வந்தான். கால் முறிந்து குணமாகி வந்த அவனுக்கு, தேகப் பயிற்சி வகுப்பிலிருந்து ஆண்டு முழுவதும் விலக்கு அளிக்குமாறு அவன் தாயார் வேண்டினார். இரக்கப்பட்டுக் கையெழுத்திட்டேன். மற்றவர்கள் ஓடி விளையாட, அவன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பான். பள்ளியை விட்டுச் சென்ற நாளிலும் அவன் நடையில் சாய்வு இருந்தது. பயிற்சியால் அது முற்றும் நீங்கியிருக்குமோ, சொல்லவியலாது. ஆனால், மருத்துவர் ஏதேனும் பயிற்சி சொன்னாரா என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. அது என் பிழை. மறுநாளே இயன்முறை மருத்துவரிடம் சென்றேன்.

உழைக்காத தசை இளைக்கும். பாரம் தாங்காத எலும்பு வலிவிழக்கும். மூட்டிலுள்ள குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டு அசையும்போது அங்குள்ள நீரிலிருந்தே அது ஊட்டம் பெறுகிறது. விண்வெளி நிலையத்தில் எடையின்றி மிதப்பவர்கள் நாள்தோறும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பயிற்சி செய்வதும் எலும்பையும் தசையையும் காத்துக்கொள்ளவே.

என் முதற் பயிற்சி மிக எளியது. முழங்காலின்கீழ் சுருட்டிய துண்டை வைத்து, தொடையை இறுக்கி அதனை அழுத்தி, ஐந்து எண்ணும்வரை நிறுத்த வேண்டும், பத்து முறை. பின்னர் குதிகாலை இழுத்து மெல்ல மடக்குவது, அதன்பின் படியேறுவது. கூர்மையான வலியோ வீக்கமோ கண்டால் நிறுத்திவிட்டுச் சொல்ல வேண்டும் என்பது கண்டிப்பான விதி. எறும்பூரக் கல்லும் தேயும் அன்றோ? ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பார்கள். என் முழங்கால் அறுபத்து மூன்றில் வளைந்தது!

இத்துறையில் நம் மாநிலத்துக்குப் பெருமை தேடித் தந்தவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-இல் ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டு சிதைந்து, இரு கால்களும் செயலற்றன. அவர் சோர்ந்துவிடவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். அத்தகைய அறுவையில் ஒரு வேலை செய்த தசைநாரை வேறு வேலைக்கு மாற்றிப் பொருத்துவார்கள்; அதற்குப் புதிய வேலையைக் கற்பிப்பது பயிற்சியே. பின்னர் அவர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் உருவாக அவரே காரணர். 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

காயம் படாதவர்க்கும் இம்மருந்து உரியதே. இலண்டன் மாநகரின் மாடிப் பேருந்துகளில் நாளெல்லாம் உட்கார்ந்து ஓட்டியவர்களைவிட, படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவு என்பதை 1953-இல் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவ அறிஞரும் அவர் தோழர்களும் வெளியிட்டார்கள். உங்கள் வயதில் பதினேழுக்கு உட்பட்டவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமும், பெரியவர்களுக்கு வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடமும் உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நண்பர்களே, உங்கள் வகுப்பில் அடிபட்டுத் திரும்பும் தோழன் ஒருவன் இருப்பான். அவனை மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் ஓடாதீர்கள். மருத்துவர் சொன்ன பயிற்சி எது என்று கேளுங்கள்; அவன் செய்யும்போது அருகிலிருந்து ஒன்று, இரண்டு என எண்ணுங்கள். எனக்கு என் பேத்தி எண்ணினாள். இன்று ஏரிக்கரையில் அவளோடு நடக்கிறேன்.