அடுத்தவர் வாயை நம்பி எத்தனை நாள் வியாபாரம்?

(சீன மொழி படிக்கப் புறப்படும் மாணவருக்காக மல்லாங்கிணற்றில் நடந்த வழியனுப்புக் கூட்டத்தில், மதுரை மொத்த வியாபாரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

 

இந்த ஊர்த் தம்பி ஒருவர் கல்லூரிப் படிப்பை முடித்த கையோடு, வருகிற ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் சீனாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் மாண்டரின் மொழி படிக்கப் போகிறார். அவரை வாழ்த்திப் பேசத்தான் என்னை அழைத்தார்கள். ஆனால் நான் மேடைக்கு வருமுன் அவருடைய அத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாய், அந்தப் பணத்துக்குக் கடையில் சரக்கு இறக்கினால் தீபாவளி சீசனுக்கு ஆகுமே? ரெண்டு மாசத்தில் அப்படி என்ன பாஷை வந்துவிடப் போகிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வாழ்த்தை அப்புறம் வைத்துக்கொள்வோம். முதலில் அவருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

2014-இல் நான் முதன்முதலாக யீவு போனேன். ஜெஜியாங் மாகாணத்தில் இருக்கிறது அந்த ஊர். அங்கே உள்ள சில்லறைச் சாமான் சந்தையில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள். நம் ஊர் பேன்சி ஸ்டோரில் தொங்கும் கிளிப், சீப்பு, பொம்மையில் பெரும்பகுதிக்கு அதுதான் தாய்வீடு. எனக்கு அங்கே வாய் ஒரு மொழிபெயர்ப்பாளர். அட்வான்ஸ் கட்டும்போது, "இவர்கள் சரக்கைத் தராவிட்டால் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும், இங்கே சட்டம் அப்படி" என்றார். சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன்.

சரக்கு வரவில்லை. கூடுதல் விலை கொடுத்த இன்னொருவருக்குப் போய்விட்டது. சீசனும் போனது. மூன்று மாதம் அலைந்து வாங்கியது நான் கட்டிய தொகையை மட்டும்தான். ஏன் தெரியுமா? அட்வான்ஸுக்குச் சீனத்தில் "திங்ஜின்" என்பார்கள். ஆனால் அந்த ஒலியில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. எழுதும்போது முதல் எழுத்து மாறும். ஒன்றின் தலையில் கூரை போட்டிருக்கும். மற்றதன் இடப்பக்கத்தில் பேச்சைக் குறிக்கும் அடையாளம் இருக்கும். கூரை போட்டதுதான் சட்டம் காக்கும் முன்பணம்: வாங்கியவன் வாக்குத் தவறினால் இரட்டிப்பாகத் தர வேண்டும், கொடுத்தவன் தவறினால் இழக்க வேண்டும். அதுவும் ஒப்பந்தத் தொகையில் 20 சதவீதம் வரைதான். மற்றது வெறும் முன்தொகை. என் ரசீதில் இருந்தது அந்த மற்றது! காதுக்கு இரண்டும் ஒன்று. கண்ணுக்குத்தான் வேறு. என் கண்ணோ அங்கே குருடு.

அந்த மொழிபெயர்ப்பாளருக்குக் கடைக்காரரிடமும் கமிஷன் உண்டு என்று பிறகு கேள்விப்பட்டேன். அவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? படிக்கத் தெரியாத தாளில் கையெழுத்திட்டவன் நான்தானே.

என்னுடையது பணத்தோடு போனது. அதே யீவுவில் 2011 டிசம்பரில், முதலாளி பாக்கி வைத்துவிட்டு ஓடிப்போனதற்காக, அந்த நிறுவனத்தில் வேலை பார்த்த இரண்டு இந்தியர்களைக் கடைக்காரர்கள் பிடித்து அடைத்து வைத்தார்கள். அவர்களுக்காக நீதிமன்றம் போன நம் தூதரக அதிகாரி அங்கேயே மயங்கி விழுந்தார். அடுத்த மாதமே, யீவுவில் வியாபாரம் செய்யாதீர்கள் என்று இந்தியத் தூதரகம் எச்சரித்தது. அன்னிய மண்ணில் தகராறு மூண்டால் நம் பக்கத்து நியாயத்தைச் சொல்ல நமக்கு வாய் வேண்டும், சகோதரர்களே!

இந்த இடத்தில் மார்க்கத்திலிருந்து ஒரு செய்தி. கல்வியையும் சீனாவையும் சேர்த்துச் சொல்லும் ஒரு வாசகத்தை இப்படிப்பட்ட மேடைகளில் நபிமொழி என்று எடுத்து விடுவார்கள். அது பலவீனமானது என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் சொல்லியிருப்பதால் நான் அதைத் தொடவில்லை. அதைவிடப் பொருத்தமான ஒன்று இருக்கிறது. மதீனாவில் யூதர்களோடு கடிதப் போக்குவரத்து நடந்தபோது, அதை அவர்களிடமே கொடுத்து எழுதி வாங்குவதில் நபி (ஸல்) அவர்களுக்கு நம்பிக்கை இல்லை. இளைஞர் ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களை அவர்களுடைய எழுத்தைக் கற்கச் சொன்னார்கள். அரை மாதத்துக்குள் அவர் கற்றுத் தேர்ந்து, கடிதம் எழுதவும் வந்ததைப் படித்துக் காட்டவும் செய்தார். என் யீவு ரசீதுக்கும் இந்தச் செய்திக்கும் எவ்வளவு நெருக்கம் பாருங்கள். (ஸைத் அவர்களின் நினைவாற்றல் நமக்கு வராது. தம்பி அரை மாதக் கணக்குப் போட வேண்டாம்.)

சீனாக்காரர்கள் இதை நமக்கு முன்பே செய்தார்கள். இலங்கையின் காலியில் 1911-இல் ஒரு கல்வெட்டு கிடைத்தது. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1409-ஆம் ஆண்டு தேதியிட்ட அந்தக் கல்லை நாட்டியவர் சீனப் பேரரசரின் கடற்படைத் தளபதி ஜெங் ஹே, முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். கல்லில் மூன்று மொழிகள்: சீனம், பாரசீகம், நம் தமிழ்! அறுநூறு ஆண்டுக்கு முன் இந்தக் கடலில் கால் வைக்கத் தமிழ் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவருடைய பயணங்களில் மொழிபெயர்ப்பாளராக வந்த மா ஹுவானும் சீன முஸ்லிம்தான். கோழிக்கோட்டு வியாபாரிகள் மணிச்சட்டம் இல்லாமல் கைவிரல், கால்விரல் இருபதையும் வைத்தே பிசகாமல் கணக்குப் போடுவதையும், கையைச் சேர்த்துப் பிடித்து விலையை முடித்துவிட்டால் ஏறினாலும் இறங்கினாலும் மாறுவதில்லை என்பதையும் வியந்து எழுதி வைத்தார். துண்டுக்குள் விரல் பிடித்து மாடு விலை பேசும் நமக்கு அது புதிதா என்ன? நம்மை அவர்கள் எழுதி வைத்தார்கள். நாம் அவர்களுடைய ஒரு எழுத்தையும் படிக்கவில்லை.

இனி தம்பிக்கு. இந்த மொழியில் சுரம்தான் பொருள். "மை" என்று நம் பேனா மையைப் போலத்தான் சொல்ல வேண்டும். ஆனால் குரலைத் தாழ்த்தி எடுத்தால் வாங்குவது, மேலிருந்து வெட்டி இறக்கினால் விற்பது! வியாபாரி தடுக்கி விழ முதல் சொல்லே போதும். "ஸி" என்றால் நான்கு, "ஷி" என்றால் பத்து. தென் சீனத்தில் பலர் இரண்டையும் ஒன்றுபோலச் சொல்வார்கள். அதனால் அவர்கள் ஒற்றைக் கையில் பத்து வரை காட்டும் விரல் அடையாளங்களை முதல் வாரமே படித்துவிடுங்கள். "ஜின்" என்றால் அரைக் கிலோ. கிலோ என்று நினைத்து விலை பேசினால் போச்சு. லட்சம், கோடி கிடையாது, பத்தாயிரம்தான் அலகு. அதற்கு "வான்" என்று பெயர். பத்து வான் நம் ஒரு லட்சம். கடையில் தள்ளுபடி என்று "எட்டு ஜெ" எழுதியிருந்தால் எண்பது சதவீதம் குறைவு என்று துள்ளாதீர்கள். பத்தில் எட்டு பங்கு கட்ட வேண்டும், இருபதுதான் குறைவு.

கைபேசியே மொழிபெயர்க்கிறதே என்று இளைஞர்கள் கேட்பீர்கள். பலகை படிக்க, வழி கேட்க நல்ல கருவி. ஆனால் இரண்டு திங்ஜினுக்கும் அது "அட்வான்ஸ்" என்று ஒரே சொல்லைக் காட்டினால் யாரிடம் போய் முறையிடுவீர்கள்?

சாப்பாட்டில் கவனம். அங்கே வெறுமனே "ரோ", அதாவது இறைச்சி, என்றாலே பன்றிதான். காய்கறியையும் அந்தக் கொழுப்பில் வதக்குவதுண்டு. "சிங்ஜென்" என்ற இரண்டு எழுத்துகளை மனதில் பதித்துக்கொள்ளுங்கள், ஹலால் கடையின் அடையாளம் அது. ஹுய் முஸ்லிம்கள் நடத்தும் நூடுல்ஸ் கடைகள் அநேகமாக எல்லாப் பெரிய ஊரிலும் உண்டு. அவர்களுக்குத் தாய்மொழியே சீனம் என்பதால் சாப்பாடும் பாடமும் ஒரே மேசையில் கிடைக்கும்.

குறுகிய படிப்புக்கான விசா 180 நாள் வரை. அதற்குப் பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும். வெளியில் வீடு எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் பதிய வேண்டும். வாட்ஸப், கூகுள் சாதாரணமாக வேலை செய்யாது, அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், பயந்துவிடுவார்கள். தைவானிலும் இதே மொழியை நன்றாகக் கற்றுத் தருகிறார்கள். ஆனால் அங்கே பழைய, கோடுகள் மிகுந்த எழுத்து. தொழிற்சாலைத் தாள் படிக்க வேண்டியவருக்குச் சீனாவின் எளிய எழுத்தே பயன்படும்.

இன்னொரு கேள்வியும் இந்தச் சபையில் இருக்கும். சின்ஜியாங்கில் உய்குர் முஸ்லிம்களுக்கு நடந்தவற்றை மனித குலத்துக்கு எதிரான குற்றங்களாகக் கருத இடமுண்டு என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2022 ஆகஸ்டில் அறிக்கை தந்தது. அதை மறந்துவிட்டுப் போங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு தேசத்தின் மொழியைக் கற்பது அதன் அரசுக்குத் தலையாட்டுவது ஆகாது. அந்த மக்களைப் பற்றி அவர்கள் பத்திரிகை என்ன எழுதுகிறது என்று படிக்கவும் நம்மில் ஒருவர் வேண்டாமா?

அத்தா அவர்களே, இப்போது உங்கள் கேள்வி. இரண்டு மாதத்தில் மொழி வராது, உண்மை. பல ஆண்டுகளாக நடந்துவந்த ஆறு நிலைத் தேர்வில் முதல் நிலைக்கே 150 சொல், இரண்டாவதற்கு 300, மூன்றாவதற்கு 600. தம்பி இங்கேயே இப்போதிருந்து தினம் ஐந்து சொல் படித்துக்கொண்டு போனால் அங்கே காது திறக்கும், விலையும் ரசீதும் பிடிபடும். திரும்பி வந்து விட்டுவிட்டால் எல்லாம் போய்விடும் என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். 1922-இல் பக்கத்துச் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். அவர்கள் வீட்டிலும் அந்தப் பணத்துக்குக் கணக்குப் பார்த்திருப்பார்கள். அந்தத் தீப்பெட்டியைச் சீன லைட்டர் எப்படி அடித்தது என்று உங்களுக்கே தெரியும். இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டரை இறக்கக் கூடாது என்று 2023 ஜூனில் மத்திய அரசு தடை போட வேண்டி வந்தது.

ஒரு சீசன் சரக்கை நான் ஓர் எழுத்தில் இழந்தேன். தம்பியின் இரண்டு மாதச் செலவு அதில் பாதிகூட இல்லை.

வியாபாரிகளுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். உங்கள் கடையில் சீன எழுத்தில் பில், பெட்டி மேல் ஒட்டிய சீட்டு, இயந்திரத்தோடு வந்த தாள் எது கிடந்தாலும் பழைய பேப்பருக்குப் போடாதீர்கள். புறப்படுமுன் தம்பியிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். என்னுடைய அந்த ரசீதை இன்று பையில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறேன். இந்தாருங்கள் தம்பி, முதல் பாடம். வஸ்ஸலாம்.